உள்ளூர்ப் பக்கத்துக் கோர்ட் செய்தியைப் படிப்பது எப்படி?

மாவட்டப் பக்கத்தில் அன்றாடம் வருகிற செய்தி ஒன்றை மாதிரிக்கு எழுதிக்கொள்வோம்:

"முன்விரோதத் தகராறில் வாலிபரை அரிவாளால் வெட்டிய அண்ணன், தம்பி கைது செய்யப்பட்டனர். கொலை முயற்சி உள்ளிட்ட 3 பிரிவுகளில் வழக்குப் பதிந்த போலீசார், இருவரையும் கோர்ட்டில் ஆஜர்படுத்தி சிறையில் அடைத்தனர். விசாரணையில் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக போலீசார் தெரிவித்தனர்."

மூன்றே வாக்கியம். சின்ன ஊரில் இது டீக்கடைக்கு வரும்போது வழக்கே முடிந்துபோயிருக்கும். அந்த வீட்டில் பெண் எடுக்கலாமா, அந்தப் பையனுக்கு வேலை கொடுக்கலாமா என்பதுவரை பேசி முடித்துவிடுவார்கள். ஆனால் அந்தச் செய்தி உறுதியாகச் சொல்வது இவ்வளவுதான்: ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார், காவல் நிலையம் அதைப் பதிந்து இருவரைக் கைது செய்திருக்கிறது, ஒரு மாஜிஸ்திரேட் அவர்களைக் காவலில் வைக்க உத்தரவிட்டிருக்கிறார். மற்றதெல்லாம் இனிமேல்தான் நிரூபிக்கப்பட வேண்டும்.

படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வினைச்சொல்லை. "வெட்டிய அண்ணன், தம்பி" என்று எழுதினால் வெட்டியது அவர்களே என்று பத்திரிகை தீர்ப்பு சொல்லிவிட்டது. "வெட்டியதாகக் கூறப்படும்" என்று எழுதினால் அது புகாராகவே நிற்கிறது. இடம் மிச்சமாகட்டும் என்று செய்தியாளர் அந்த "-தாக"வை விட்டுவிடுவார். நீங்கள் மனசுக்குள் அதைச் சேர்த்துப் படியுங்கள். ஒரு வாரம் இப்படிப் படித்தால் பழகிவிடும்.

அடுத்து, சொன்னது யார் என்று பாருங்கள். இந்த மாதிரிச் செய்தி பெரும்பாலும் காவல் நிலையம் தரும் குறிப்பிலிருந்து வருகிறது. கைதானவர் சிறையில் இருப்பார், அவருடைய வக்கீல் இன்னும் வக்காலத்துகூடப் போட்டிருக்க மாட்டார். எதிர்த்தரப்பு பேசாமல் இருப்பதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாய்க்கால், வரப்பு, பொதுச்சுவர், கோயில் மரியாதை இவற்றில் எழும் அடிதடியில் இரண்டு பக்கமும் புகார் கொடுப்பது வழக்கம். இரண்டுமே அடுத்தடுத்த குற்ற எண்ணில் பதிவாகும். 214/2025 ஒரு தரப்பு, 215/2025 மறு தரப்பு. இதை வழக்கு, எதிர்வழக்கு என்பார்கள். செய்தியில் ஒன்று மட்டும் வந்திருந்தால், அதே தேதியில் அதே நிலையத்தில் அடுத்த எண்ணில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

புகார், ரசீது, எஃப்.ஐ.ஆர்.

"புகார் அளிக்கப்பட்டுள்ளது" என்றால் ஒரு தாள் உள்ளே போயிருக்கிறது. "சி.எஸ்.ஆர். போட்டிருக்கிறார்கள்" என்றால் அந்தத் தாளுக்கு மனு ரசீது கொடுத்திருக்கிறார்கள். வழக்கு இன்னும் பிறக்கவில்லை. முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் அது வழக்கு. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது. 1-7-2024 முதல் நடப்பில் உள்ள குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) பிரிவு 173 இதில் ஒரு இடைவெளி தருகிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றமாக இருந்தால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்துவிட்டு முடிவெடுக்கலாம். "புகார் கொடுத்து பத்து நாளாகியும் வழக்கு இல்லை" என்ற செய்தியைப் படித்தால், குற்றம் எந்த வகை என்று முதலில் பாருங்கள். கொலை, வழிப்பறி, பாலியல் பலாத்காரம் போன்றவற்றுக்கு இந்த 14 நாள் கணக்கு கிடையாது.

எஃப்.ஐ.ஆர். கையில் கிடைத்தால் அதில் மூன்று நேரங்களைப் பாருங்கள்: சம்பவம் நடந்த நேரம், நிலையத்துக்குத் தகவல் வந்த நேரம், மாஜிஸ்திரேட் கையெழுத்திட்டுப் பெற்ற நேரம். மூன்றுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வைத்தே பாதி வழக்குகள் வாதாடப்படுகின்றன. காலை 10 மணிக்கு நடந்த வெட்டுக்கு 11 மணிக்குப் புகார் பதிவாகி, மறுநாள் மாலை மாஜிஸ்திரேட்டுக்குப் போயிருந்தால், நடுவில் யார் யார் பெயர் சேர்ந்தது என்று எதிரி தரப்பு கேட்கும். கோர்ட் பேச்சில் குற்றம் சாட்டப்பட்டவரை "எதிரி" என்பார்கள். செய்தியில் "முதல் எதிரி", "ஏ-1" என்று வருவது வரிசை எண்ணைத்தான். முதல் எதிரி என்பதால் அவர்தான் பெரிய குற்றவாளி என்று பொருள் கொள்ள வேண்டாம்.

"சந்தேக மரணம் என வழக்குப் பதிவு" என்பது வேறு வகை. இயற்கைக்கு மாறான சாவு எதுவானாலும் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 194-ன் கீழ் பதிவாகும். அதில் குற்றம் சாட்டப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை. திருமணமாகி 7 ஆண்டுக்குள் பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடக்கும், அதைத்தான் "ஆர்.டி.ஓ. விசாரணை" என்று போடுகிறார்கள். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், உள்ளுறுப்பு ஆய்வு முடிவு வரும்வரை காரணம் சொல்லாமல் நிறுத்தி வைப்பதும் உண்டு. அது வருவதற்கு முன்பே "விஷம் கொடுத்துக் கொலை?" என்று கேள்விக்குறி போட்ட தலைப்பு வந்தால், அந்தக் கேள்விக்குறிதான் அதில் முக்கியமான எழுத்து.

பிரிவு எண்ணைப் படிப்பது

1-7-2024-க்கு முன்பு நடந்த சம்பவம் என்றால் இந்திய தண்டனைச் சட்டம். அதற்குப் பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.). சம்பவத் தேதிதான் கணக்கு. எஃப்.ஐ.ஆர். எப்போது போட்டார்கள் என்பது இதற்கு முக்கியமில்லை. ஆகவே இன்னும் பல ஆண்டுகளுக்கு ஒரே கோர்ட்டில், ஒரே நாளில் இரண்டு சட்ட எண்களும் ஓடும். பழைய 302 கொலை. புதிய சட்டத்தில் கொலை 103. புதிய சட்டத்தின் 302-ஆம் பிரிவு மத உணர்வைப் புண்படுத்தும் வகையில் பேசுவது பற்றியது. பழைய 307 கொலை முயற்சி, இப்போது அது 109. பழைய 420 மோசடி, இப்போது 318(4). புதிய சட்டத்தில் மொத்தமே 358 பிரிவுகள்தான், அதனால் "பி.என்.எஸ். 420-ல் கைது" என்று வந்தால் அது அச்சுப் பிழையாகத்தான் இருக்க வேண்டும்.

நம் மாதிரிச் செய்திக்கு வருவோம். ஊர் அடிதடி வழக்குகளில் அடிக்கடி ஒன்றாக வரும் மூன்று பிரிவுகள் 296(பி), 118(1), 351(3). அசிங்கமாகத் திட்டியது, ஆயுதத்தால் காயம் உண்டாக்கியது, கொலை மிரட்டல். பழைய எண்ணில் 294(பி), 324, 506(2) என்று காது பழகிய வரிசை. 118(1)-க்கு அதிகபட்சம் 3 ஆண்டு. ஆனால் செய்தி சொல்வது கொலை முயற்சி, அதாவது 109. அதற்கு 10 ஆண்டு வரை, காயம் பட்டிருந்தால் ஆயுள் வரை போகலாம். முன்னதை மாஜிஸ்திரேட்டே விசாரித்து முடிப்பார். பின்னது செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஒரே அரிவாள், ஒரே வெட்டுதான். எந்தப் பிரிவு பொருந்தும் என்பதை வெட்டு எங்கே விழுந்தது, எவ்வளவு ஆழம், கொல்லும் எண்ணம் இருந்ததா என்பவை முடிவு செய்யும்.

இங்கே ஆஸ்பத்திரித் தாள் இரண்டு முக்கியம். அரசு மருத்துவமனையில் சேர்ந்தவுடன் எழுதும் விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது ஏ.ஆர். காப்பி. பிறகு டாக்டர் தரும் காயச் சான்று. எளிய காயமா, கொடுங்காயமா என்று அதில்தான் இருக்கும். காயச் சான்று வந்த பிறகு போலீசார் பிரிவை மாற்றி மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்புவார்கள். அடிபட்டவர் இறந்துபோனால் 109 என்பது 103 ஆகும். காயம் லேசானது என்றால் 109 விழுந்து 118(1) மட்டும் நிற்கவும் கூடும். முதல் நாள் செய்தியில் உள்ள பிரிவை வழக்கின் கடைசி நாள் வரை சுமந்து திரிய வேண்டாம்.

ஒப்புக்கொண்டார், சிறையில் அடைக்கப்பட்டார், ஜாமீனில் வந்தார்

"குற்றத்தை ஒப்புக்கொண்டார்", "பரபரப்பு வாக்குமூலம்" என்ற வரிகள் மனசில் ஆழமாக இறங்கும். சட்டத்தில் அதற்கு எடை மிகக் குறைவு. போலீசிடம் கொடுத்த ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று பாரதிய சாக்ஷிய அதினியம் 23-ஆம் பிரிவு சொல்கிறது, பழைய சாட்சியச் சட்டமும் அதையே சொன்னது. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு வழிகாட்டிய பகுதி மட்டும் ஏற்கப்படும். ஆகவே "வாக்குமூலத்தின்பேரில் கிணற்றிலிருந்து அரிவாள் மீட்பு" என்ற வரிக்கு மதிப்பு உண்டு. "முன்விரோதத்தால் தீர்த்துக்கட்டினேன் என்று கூறினார்" என்ற வரிக்கு இல்லை. மாஜிஸ்திரேட் முன்பாக பி.என்.எஸ்.எஸ். 183-ஆம் பிரிவின் கீழ் யோசிக்க அவகாசம் கொடுத்துப் பதியும் வாக்குமூலம் முற்றிலும் வேறு. செய்தி எதைச் சொல்கிறது என்று பிரித்துப் பாருங்கள்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். "15 நாள் நீதிமன்றக் காவல்" என்பது 15 நாள் தண்டனை என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அது விசாரணைக்கால ரிமாண்ட், அவ்வப்போது நீட்டிக்கப்படும். போலீஸ் காவல் என்றால் விசாரணைக்காகக் காவல் துறை தன் வசம் எடுப்பது. கைதானவருக்கு மாவுக்கட்டு, "தப்பியோடும்போது தவறி விழுந்தார்" என்று படம் வந்தால், ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட் காயத்தைப் பற்றிக் கேட்டுப் பதிந்தாரா, டாக்டர் சான்று இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 2020 ஜூனில் சாத்தான்குளம் தந்தை, மகன் காவல் மரணத்தில் நாடே கேட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று.

7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்க வேண்டியதில்லை. 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இப்போது பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ் கொடுத்து வரச்சொல்லி விசாரிப்பார்கள். "வழக்குப் போட்டும் கைது செய்யாதது ஏன்?" என்று கொதிப்பதற்கு முன் தண்டனை எத்தனை ஆண்டு என்று பாருங்கள்.

ஜாமீன் பற்றி ஊரில் இருக்கும் தப்பெண்ணம் மிகப் பெரியது. ஜாமீன் கிடைத்தால் குற்றம் செய்யவில்லை என்று ஆகாது, வழக்கு பலவீனம் என்றும் ஆகாது. விசாரணைக்கு ஓடாமல் வருவாரா, சாட்சியைக் கலைப்பாரா என்பதே அங்கே பார்க்கப்படுகிறது. "கொலைக் குற்றவாளி 91-ஆம் நாளில் வெளியே வந்தார்" என்ற செய்திக்குப் பின்னால் ஒரு நாள் கணக்கு இருக்கிறது. 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றத்தில் 90 நாளுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாளுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், பி.என்.எஸ்.எஸ். பிரிவு 187(3)-ன்படி எதிரி கேட்டால் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். அங்கே கேட்க வேண்டியது குற்றப்பத்திரிகை ஏன் தாமதமானது என்பதை. ஜாமீன் கொடுத்த நீதிபதியைத் திட்டுவதில் நியாயமில்லை.

குண்டாஸ் பற்றி ஒரு சொல். "குண்டர் சட்டத்தில் ஓராண்டு சிறை" என்று எழுதுவது தவறு. தமிழ்நாடு சட்டம் 14/1982-ன் கீழ் கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ பிறப்பிப்பது தடுப்புக் காவல் உத்தரவு. அதிகபட்சம் 12 மாதம். எந்தக் கோர்ட்டும் குற்றம் நிரூபணமானதாகச் சொல்லவில்லை. அறிவுரைக் குழுமம் பார்க்கும், ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாம். அங்கே உத்தரவு ரத்தானாலும் மூல வழக்கு அப்படியே நடக்கும்.

ஐகோர்ட் என்ன சொன்னது?

இந்தப் பகுதியில்தான் ஊரில் அதிகம் ஏமாற்றம் நேர்கிறது. "ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற ஐகோர்ட் அதிரடி உத்தரவு" என்று தலைப்பு. மக்கள் பட்டாசு வெடிக்கிறார்கள். ஆறு மாதம் கழித்தும் ஏரிக்கரையில் ஒரு செங்கல் நகரவில்லை. அதிகாரிகள் கோர்ட்டையே மதிக்கவில்லை என்ற கோபம் வருகிறது. உத்தரவு நகலை எடுத்துப் பார்த்தால் பல தடவை இப்படித்தான் இருக்கும்: "மனுதாரர் கொடுத்த கோரிக்கை மனுவை இரண்டாம் எதிர்மனுதாரர் பரிசீலித்து, சம்பந்தப்பட்டவர்களுக்கு வாய்ப்பளித்து, தகுதியின் அடிப்படையிலும் சட்டப்படியும், இந்த உத்தரவின் நகல் கிடைத்த 12 வாரங்களுக்குள் தக்க உத்தரவு பிறப்பிக்க வேண்டும். இத்துடன் மனு முடித்து வைக்கப்படுகிறது."

இதில் அகற்று என்ற சொல்லே கிடையாது. ஒரு முடிவெடு என்றுதான் சொல்லியிருக்கிறது. தாசில்தார் விசாரித்து, "இது ஆக்கிரமிப்பு இல்லை" என்று எழுதினாலும் உத்தரவை நிறைவேற்றியதாகவே ஆகும். இன்னொன்று, 12 வாரம் தீர்ப்பு நாளிலிருந்து ஓடாது, நகல் கிடைத்த நாளிலிருந்து ஓடும். நகலை வாங்கி, மனுவோடு இணைத்து, தபாலில் ஒப்புகையுடன் அனுப்புகிற வேலை மனுதாரருடையது. அதைச் செய்யாமல் காலக்கெடு முடிந்தது என்று அவமதிப்பு மனு போட்டால் நிற்காது. ஊர்க்காரர்கள் சேர்ந்து வழக்குப் போட்டிருந்தால் தலைப்பைக் கொண்டாடுவதற்கு முன் இந்த ஒரு வேலையை முடியுங்கள்.

"ஐகோர்ட் கண்டனம்", "ஐகோர்ட் சரமாரிக் கேள்வி", "நீதிபதிகள் வேதனை" என்ற தலைப்புகள் விசாரணையின்போது வாய்மொழியாகச் சொன்னவை. எழுத்தில் வந்த உத்தரவு வேறாக இருக்கலாம். 2021-ல் கொரோனா பரவலின்போது தேர்தல் ஆணையத்தைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன கடுமையான சொற்கள் நாடெங்கும் தலைப்புச் செய்தியாயின. ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. வாய்மொழிக் கருத்து நீதிமன்றப் பதிவின் பகுதி ஆகாது, அதனால் அதை நீக்குவது என்ற கேள்வியே எழாது, அதே நேரம் விசாரணையைப் பத்திரிகைகள் எழுதுவதைத் தடுக்கவும் முடியாது என்று 2021 மே 6 அன்று தீர்ப்பு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்: பத்திரிகை அதை எழுதலாம், நாம் அதை உத்தரவாக எண்ணக் கூடாது.

"தள்ளுபடி"யிலும் பல வகை. வாபஸ் பெற்றதால் தள்ளுபடி என்றால் அநேகமாக வேறு மன்றத்துக்குப் போகப் போகிறார்கள். ஆஜராகாததால் தள்ளுபடி என்றால் மனுப் போட்டு மீட்கலாம். உச்ச நீதிமன்றம் காரணம் சொல்லாமல் சிறப்பு அனுமதி மனுவை ஆரம்பத்திலேயே தள்ளினால், "ஐகோர்ட் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது" என்று எழுதுவது பிழை. மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது, அவ்வளவுதான். குஞ்ஞயம்மது வழக்கில் 2000-லேயே இது தெளிவாக்கப்பட்டது.

சட்டம் வந்துவிட்டது என்ற செய்திக்கும் இதே கவனம் தேவை. மசோதா நிறைவேறுவது ஒரு நாள், ஒப்புதல் ஒரு நாள், அமலுக்கு வருவது வேறொரு நாள். பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு ஒப்புதல் கிடைத்தது 25-12-2023. அமலானது 1-7-2024. அப்போதும் விபத்து நடத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை என்ற 106(2) மட்டும் அமலாக்கப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டது. லாரி டிரைவர்கள் அதை எதிர்த்துத்தான் 2024 தொடக்கத்தில் வண்டியை நிறுத்தினார்கள். "புதுச் சட்டம், 10 வருஷம் ஜெயில்" என்று வரும் வாட்ஸ்அப் தகவலுக்கு அமலாகும் தேதி எங்கே என்று கேளுங்கள்.

அரசு பஸ் ஜப்தி

தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் வருஷத்துக்குச் சில தடவையாவது வரும் செய்தி இது. பஸ் ஸ்டாண்டில் கோர்ட் ஊழியரான அமீனா வந்து நிற்கிறார், பயணிகள் இறக்கப்படுகிறார்கள், பஸ் கோர்ட் வளாகத்துக்கு ஓட்டிச் செல்லப்படுகிறது. பின்னணி தெரியாமல் படித்தால் யாரோ பஸ்ஸைப் பிடித்துக்கொண்டார்கள் என்று தோன்றும்.

சாதாரண வண்டி மோதினால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டும். அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு, தனியாக நிதி வைத்துக்கொள்ளும் நிபந்தனையில், மோட்டார் வாகனச் சட்டம் 146(3) காப்பீட்டிலிருந்து விலக்குத் தர வழி செய்கிறது. அதனால் இழப்பீடு கழகத்தின் கையிலிருந்தே வர வேண்டும். அங்கேதான் தாமதம். எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்கில் தீர்ப்பாயம் தொகையை நிர்ணயிக்கிறது. கட்டவில்லை என்றால் நிறைவேற்று மனு, அதாவது இ.பி. அதில்தான் ஜப்தி வாரண்ட். ஆக அந்த பஸ் நிற்கும்போது, விபத்து நடந்து பல ஆண்டுகள் ஓடியிருக்கும். செய்தியில் விபத்துத் தேதி, தீர்ப்புத் தேதி, ஜப்தித் தேதி மூன்றையும் தேடிக் கழித்துப் பாருங்கள். ஒரு குடும்பம் எத்தனை வருஷம் காத்திருந்தது என்று தெரியும். அந்தச் செய்தியில் நம் கண் படவேண்டிய இடம் அது. பயணிகள் அரை மணி நேரம் தவித்தது அதற்குப் பிறகுதான்.

தொகையிலும் குழப்பம் வரும். தீர்ப்பாயம் கொடுத்தது 10 லட்சம், வட்டி 7.5 சதவீதம், மனுத் தாக்கல் தேதியிலிருந்து 4 ஆண்டு என்று வையுங்கள். வட்டி 3 லட்சம். கட்ட வேண்டியது 13 லட்சமும் செலவுத் தொகையும். ஒரு பத்திரிகை 10 லட்சம் என்றும் இன்னொன்று 13 லட்சம் என்றும் போட்டால் இரண்டும் சரியாக இருக்கலாம். இறந்தவரின் பிள்ளைகள் மைனர் என்றால் அவர்கள் பங்கு வங்கியில் நிரந்தர வைப்பாகப் போய்விடும். "லட்சக்கணக்கில் வாங்கிவிட்டார்கள்" என்று அந்த விதவையிடம் கடன் கேட்டுப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இழப்பீடு வந்ததால் டிரைவர் குற்றவாளி என்று ஆகாது. இழப்பீட்டு வழக்கில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். அதே விபத்தில் கழகம் பணம் கட்டியிருக்கும், டிரைவர் விடுதலையாகியிருப்பார். இரண்டு தீர்ப்பும் முரணானவை என்று எண்ண வேண்டாம்.

தீர்ப்பு நாள்

"போக்சோ வழக்கில் 37 ஆண்டு சிறை" என்ற தலைப்பில் உள்ளே போய் "ஏக காலத்தில்" என்ற சொல்லைத் தேடுங்கள். 20, 10, 5, 2 ஆண்டு என்று நான்கு பிரிவுகளில் தண்டித்து, ஏக காலத்தில் அனுபவிக்கச் சொல்லியிருந்தால், இருக்கப் போவது 20 ஆண்டு. விசாரணையின்போது சிறையில் கழித்த நாட்களும் அதில் கழியும். அபராதம் கட்டாவிட்டால் வரும் சிறை மட்டும் தனியாகச் சேரும். ஆயுள் என்றால் 14 ஆண்டு என்பது தவறான நம்பிக்கை. ஆயுள் என்பது ஆயுள்தான். மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரை 14 ஆண்டுக்கு முன் விடக்கூடாது என்பதுதான் அந்த எண்ணின் கதை. செஷன்ஸ் கோர்ட் விதித்த தூக்கு, ஐகோர்ட் உறுதி செய்தால் ஒழிய நிறைவேற்ற முடியாது.

விடுதலைச் செய்தியைப் படிக்கும்போதுதான் உங்கள் நேர்மைக்குச் சோதனை. கைது அன்று படத்தோடு அரைப் பக்கம் வந்த வழக்கு, விடுதலை அன்று நாலு வரியில் வரும், பல நேரம் வராமலே போகும். வந்தால் காரணத்தைப் படியுங்கள். சாட்சிகள் பிறழ் சாட்சிகளாக மாறியதாலா, அடையாள அணிவகுப்பில் குறையா, அல்லது அவர் அங்கே இல்லவே இல்லை என்று நீதிபதி கண்டாரா? "விடுவிப்பு" என்றால் குற்றச்சாட்டுப் பதிவதற்கு முன்பே வெளியே வந்தார். "வழக்கு ரத்து" என்றால் ஐகோர்ட் வழக்கையே எடுத்துவிட்டது. பத்திரிகை எல்லாவற்றையும் "விடுதலை" என்றே எழுதும். காரணம் எதுவாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் நிரபராதி. சந்தேகத்தின் பலன் கொடுத்து விட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி ஒருவரை ஊருக்குள் தண்டித்துக்கொண்டே இருப்பது அநியாயம். பாதிக்கப்பட்டவருக்கும் வழி மூடவில்லை. விடுதலையை எதிர்த்து அவரே மேல்முறையீடு செய்ய பி.என்.எஸ்.எஸ். 413-ஆம் பிரிவு இடம் தருகிறது.

நீங்களே சரிபார்க்கும் வழி

செய்தியிலிருந்து நான்கு விவரம் எடுத்துக்கொள்ளுங்கள்: மாவட்டம், காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு. எண் இல்லாவிட்டால் தேதி. தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவையில் எஃப்.ஐ.ஆர். பார்க்கும் பகுதி உண்டு. 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆரைப் பதிவேற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. இணைய வசதி இல்லாத இடத்தில் 72 மணி நேரம் வரை போகலாம். பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் போன்றவை அங்கே இருக்காது, இருக்கவும் கூடாது.

வழக்கின் இன்றைய நிலைக்கு இ-கோர்ட்ஸ் தளம் அல்லது செயலி. மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்து எஃப்.ஐ.ஆர். எண்ணிலோ கட்சிக்காரர் பெயரிலோ தேடுங்கள். கிடைத்தவுடன் சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 16 இலக்கம், தமிழ்நாடு என்றால் டி.என். என்று தொடங்கும், கடைசி நான்கு இலக்கம் ஆண்டு. அதற்குப் பிறகு அந்த எண் ஒன்றே போதும். தேடி ஒன்றும் வராததற்குப் பெரும்பாலும் மூன்று காரணம்: குற்றப்பத்திரிகை இன்னும் கோப்புக்கு எடுக்கப்படவில்லை, பெயரின் எழுத்துக்கூட்டல் வேறு, அல்லது வழக்கு வேறு கோர்ட்டுக்குப் போய் எண் மாறிவிட்டது. மாஜிஸ்திரேட்டிடம் பி.ஆர்.சி. (ஆரம்பப் பதிவேட்டு வழக்கு) எண்ணில் இருந்த கொலை முயற்சி வழக்கு, செஷன்ஸுக்கு அனுப்பப்பட்டதும் எஸ்.சி. (செஷன்ஸ் வழக்கு) எண் பெறும். பழைய எண்ணில் "முடிந்தது" என்று காட்டும். அதைப் பார்த்து வழக்கே முடிந்துபோயிற்று என்று ஊரில் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் பெயரோ வீட்டார் பெயரோ தவறாக வந்திருந்தால், அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி முழுசாக எடுத்து வையுங்கள், கத்தரிக்க வேண்டாம். ஆசிரியருக்கு எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். எது தவறு, எது சரி, என்ன ஆதாரம் என்று மூன்றே பத்தி. பதில் இல்லை என்றால் இந்தியப் பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் தரலாம். நாளிதழுக்கு, செய்தி வந்த 2 மாதத்துக்குள் என்று காலக்கெடு இருக்கிறது. ஆசிரியருக்கு எழுதிய கடித நகல் இல்லாமல் போனால் அங்கே தடுமாற்றம்தான்.

கடைசியாக, பகிர்வது. போக்சோ சட்டம் 23-ஆம் பிரிவு குழந்தையின் பெயரை மட்டும் தடுக்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளம் காட்டும் எந்தத் தகவலும் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. பெரியவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் பி.என்.எஸ். 72, 2 ஆண்டு வரை. சென்னையில் "பள்ளி மாணவி" என்றால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஐயாயிரம் பேர் உள்ள ஊரில் "மேலத்தெரு டெய்லரின் 9-ஆம் வகுப்பு மகள்" என்றால் பெயர் போட்டதற்குச் சமம். அப்படிப்பட்ட செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள். அனுப்பியவரைத் தனியாக அழைத்து, குழுவிலிருந்து எல்லோருக்குமாக அதை நீக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண் நாளைக் காலையும் அதே தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும்.